ஆண் வேடமிட்ட நாயகி: பழைய சென்னையில் நிகழும் வரலாற்றுக் காதல் நாவலை எழுதுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண் வேடமிட்ட பெண்ணை நாயகியாக்கி, பழைய சென்னையில் ஒரு காதல் நாவலை எழுத முனைவோரில் பெரும்பாலோர் முதலில் எழுதிப் பார்ப்பது, தலைப்பாகை அவிழ்ந்து கூந்தல் சரிய, நாயகன் திகைத்து நிற்கும் காட்சியைத்தான். அந்தக் காட்சி எளிதில் வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் வரவேண்டிய இருநூறு பக்கங்கள்தாம் வருவதில்லை. புதியவர்களின் கையெழுத்துப் படிகளை வாசித்துத் திருத்தும் பணியில் நான் மீண்டும் மீண்டும் காண்பது இதையே. வேடம் கலையும் கணத்திலிருந்து பின்னோக்கிக் கதை கட்டினால், அந்த வேடம் எதற்காகப் போடப்பட்டது என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் கிடைப்பதில்லை.

ஆகவே கீழே உள்ள படிகளை அவற்றின் வரிசையிலேயே செய்யுங்கள். நாயகியின் வேலை, ஆண்டு, உடல், அவளை அறிந்தவர்கள், நாயகன், நடை, வெளிப்பாடு என்ற இந்த வரிசையில் ஒவ்வொன்றும் அடுத்ததைத் தீர்மானிக்கிறது. விளக்கத்துக்காக ஒரே ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்கிறேன்: 1896ஆம் ஆண்டு, கும்பகோணத்திலிருந்து வந்து மயிலாப்பூர் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாகச் சேரும் ஒரு பெண்.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருள்கள் போதும். முதலாவது, கதை நிகழும் ஆண்டின் நாட்காட்டி; அதில் திருவிழா, அமாவாசை, நீதிமன்ற விடுமுறை ஆகியவற்றோடு நாயகியின் மாதவிலக்கு நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அந்தக் காலத்துச் சென்னை வரைபடம். மூன்றாவது, எந்தப் பாத்திரத்துக்கு எந்த அத்தியாயத்தில் உண்மை தெரியும் என்பதைக் காட்டும் ஒரு கட்டப் பட்டியல். இந்தப் பட்டியல் இல்லாமல் எழுதப்பட்ட கையெழுத்துப் படிகளில், ஏழாம் அத்தியாயத்தில் உண்மையை அறிந்துகொண்ட சமையற்காரர் பத்தாம் அத்தியாயத்தில் ஒன்றும் தெரியாதவராக நாயகிக்குப் பெண் பார்க்கும் விபத்து தவறாமல் நேர்கிறது.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஆதாரங்களுக்குக் குறைவில்லை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், கோட்டைக்குள் 1948இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டைக் கதைக்களமாகக் கொள்பவர்கள் 1736இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஒரு மாதமாவது விடாமல் வாசிக்க வேண்டும். அது புதுச்சேரியில் எழுதப்பட்டதுதான். ஆனால் அக்காலத்தில் ஒரு துபாஷி, அதாவது ஐரோப்பியருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர், எப்படிப் பேசினார், யாரிடம் எதை மறைத்தார், எதற்குப் பயந்தார் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் தமிழ் ஆவணம் வேறில்லை.

2. முதலில் அவள் செய்யும் வேலையை முடிவு செய்யுங்கள்

வேடம் என்பது பெண்ணுக்கு அடைத்துவைத்த ஒரு கதவைத் திறக்கும் சாவியாக இருக்க வேண்டும். எந்தக் கதவு, எந்த ஆண்டில் அது மூடியிருந்தது என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியாவிட்டால் கதை தொடக்கத்திலேயே தளர்ந்துவிடும். மருத்துவம் படிப்பதற்காக ஆண் வேடத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேரும் பெண்ணை 1905இல் வைத்து எழுதுகிறார்கள். அந்தக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் அவ்வாறு சேர்ந்த நால்வரில் ஒருவர். எனவே 1905இல் அந்த நாயகிக்கு வேண்டியது வேடமன்று, கல்விக் கட்டணமும் குடும்பத்தின் சம்மதமும்தான். அதுவும் நல்ல கதையே. ஆனால் இந்தக் கதையன்று.

நீதிமன்றத்தின் நிலை வேறு. பெண்கள் வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தடையில்லை என்று சட்டம் வந்தது 1923இல். ஆகவே 1896இல் அந்தக் கதவு உண்மையாகவே மூடியிருந்தது. ஆயினும் நாயகியை வக்கீலாக்காதீர்கள். பட்டச் சான்றிதழ், பதிவு, சக மாணவர்கள் என்று விளக்கவேண்டியவை பெருகிவிடும். குமாஸ்தாவுக்கு நல்ல கையெழுத்தும், கணக்கறிவும், தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசும் போதும்.

அடுத்து, ஒரு சோதனை செய்யுங்கள். நாயகியின் சிக்கலைப் பணமோ, ஒரு கடிதமோ, துணைக்கு வரும் மாமாவோ தீர்த்துவிட முடியுமா? முடியுமென்றால் வேடம் வெறும் அலங்காரம். நம் எடுத்துக்காட்டில், அவளுடைய குடும்ப நிலத்தைப் பறித்த வழக்கு மேல்முறையீட்டில் இருக்கிறது. பொய்ப் பத்திரம் ஒன்று எதிர்த்தரப்பு வக்கீலின் அலமாரியில் கிடக்கிறது. அந்த அலமாரியை நாள்தோறும் திறக்க உரிமையுள்ளவர் குமாஸ்தா மட்டுமே. மாமா வந்தாலும் வாசல் திண்ணையோடு நிறுத்தப்படுவார். எனவே வேடம் கட்டாயமாகிறது. அதோடு, அவள் யாரிடம் சம்பளம் வாங்குகிறாளோ அவருக்கு எதிராகவே செயல்பட வேண்டியிருக்கிறது. காதலுக்குத் தேவையான முள் இங்கே தானாகவே முளைத்துவிடுகிறது.

உண்மையான வரலாறும் இதையே காட்டுகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹன்னா ஸ்னெல், தன்னைக் கைவிட்டுச் சென்ற கணவனைத் தேடுவதற்காகத் தன் சகோதரியின் கணவர் ஜேம்ஸ் கிரேயின் பெயரையும் உடையையும் எடுத்துக்கொண்டு படையில் சேர்ந்தவர். 1748இல் புதுச்சேரி முற்றுகையில் காயமடைந்தவர். காரணம் குடும்பம் சார்ந்தது. அது கொண்டுசென்று சேர்த்த இடம் போர்க்களம். காரணம் சிறியதாக இருக்கலாம், ஆனால் அது அவளை அனுப்பும் இடம் திரும்பிவர முடியாததாக இருக்க வேண்டும்.

3. நூற்றாண்டைச் சொல்லாதீர்கள், ஆண்டைச் சொல்லுங்கள்

‘ஆங்கிலேயர் காலம்’ என்பது முந்நூறு ஆண்டுக் குழப்பம். சென்னைக்குள் வேடத்துக்கு இடம் தரும் ஆண்டுகள் சில உண்டு. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் நகரத்தைக் கைப்பற்றினர். 1749இல்தான் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. இடைப்பட்ட நாட்களில் இராபர்ட் கிளைவே இந்தியர் உடையணிந்து தப்பிக் கடலூர்ப் பக்கம் போனவர். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை நடந்தது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தில் முகமறியாத மக்கள் கூட்டம் கூட்டமாக நகரத்துக்கு வந்தனர்; யார் மகன், எந்த ஊர் என்ற விசாரணை தளர்ந்துபோன காலம் அது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு வீசியபின் நகரமே காலிசெய்து ஓடியது. ஊர் குலையும் நேரத்தில்தான் புதிய முகத்தை எவரும் கூர்ந்து பார்ப்பதில்லை. இந்த ஆண்டுகளைச் சொல்வதற்கு அதுவே காரணம்.

அமைதியான ஆண்டைத் தேர்ந்தெடுத்தால், நகரத்தில் அன்று என்ன இருந்தது என்பதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். 1896 நாயகி மின்சார டிராம் வண்டியில் ஏறலாம், அது 1895இல் ஓடத் தொடங்கிவிட்டது. சிவப்புக் கட்டடமான உயர் நீதிமன்றத்துக்குள் நுழையலாம், அது 1892இல் திறக்கப்பட்டது. மெரினாவின் நடைபாதையில் நாயகனோடு நடக்கலாம், அது 1884இல் அமைக்கப்பட்டது. ஆனால் 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையக் கட்டடத்தின் முகப்பை அவள் பார்க்க முடியாது. தியாகராய நகரில் வீடு பார்க்கவும் முடியாது. அந்த இடத்தின் பெரும்பகுதி அப்போது ஏரி.

காசும் நேரமும் அடுத்த பொறிகள். 1818க்கு முன்பு சென்னையில் கணக்கு வராகனில்தான். 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம். 1750இல் நிகழும் கதையில் நாயகி ‘ஐந்து ரூபாய் சம்பளம்’ என்று சொன்னால் விவரமறிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அதே கதையில் தீக்குச்சி உரசி விளக்கேற்றுவதும் கூடாது. நேரத்தை நாழிகையிலும் ஜாமத்திலும் சொல்லுங்கள். 24 நிமிடம் ஒரு நாழிகை, ஏழரை நாழிகை ஒரு ஜாமம்.

4. உடையும் உடலும்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். காரணம், இந்த வகை நாவலை அவர்கள் ஆங்கிலத்தில் வாசித்துப் பழகியிருக்கிறார்கள். ஆங்கில நாவலின் நாயகிக்குக் கோட்டு, கழுத்துப் பட்டி, காலுறை, குளிர் எல்லாம் துணை நிற்கின்றன. உடல் முழுவதும் துணிக்குள் ஒளிந்துகொள்கிறது. தமிழ்நாட்டு ஆண் பெரும்பாலான நேரம் வெற்று மார்போடு இருந்தவர். வீட்டில் சாப்பிட உட்காரும்போது, கிணற்றடியில், திண்ணையில் படுக்கும்போது எல்லாம் மேல்துண்டு ஒன்றுதான். கோயிலுக்குள் அதையும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது வழக்கம். ஆகவே நம் நாயகிக்கு வேலையைப் போலவே உடையும் உயிர்நாடி: மேலுடல் மூடியிருப்பது இயல்பாகக் கருதப்படும் ஒரு தொழிலையோ சமூகத்தையோ அவள் ஏற்றாக வேண்டும்.

நீதிமன்றக் குமாஸ்தாவின் நீண்ட கோட்டும் தலைப்பாகையும் இதற்குப் பொருந்தும். துபாஷியின் அங்கியும், சேப்பாக்கம் நவாபின் மாளிகைப் பணியாளர் உடையும், கம்பெனிச் சிப்பாயின் சட்டையும் பொருந்தும். உழவனாகவோ கட்டுமரம் ஏறுபவனாகவோ அவளை வைத்தால் முதல் நாளே கதை முடிந்துவிடும்.

கோட்டுப் போட்டுவிட்டதால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். சித்திரை வெயிலில், இறுகக் கட்டிய மார்க்கச்சின் மேல் பொத்தானிட்ட கோட்டோடு, மயிலாப்பூரிலிருந்து நீதிமன்றம்வரை போகும் உடலுக்கு என்ன நேரும்? வேர்க்குரு வரும், மூச்சு முட்டும், மாடிப்படி ஏறி நின்றதும் பேச்சு வராது. மற்ற குமாஸ்தாக்கள் அறைக்குள் வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள், அவள் மாட்டமாட்டாள். இந்த ஒரு வேறுபாட்டை மூன்று அத்தியாயங்களில் மூவர் வெவ்வேறு விதமாகக் கவனித்தால் பதற்றம் தானாகவே உருவாகும். ஒட்டு மீசையை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். நாடக மேடையில் இரண்டு மணி நேரம் நிற்கும் மீசை, சென்னை வியர்வையில் ஒரு காலைப்பொழுதைக்கூடத் தாங்காது.

தலைமுடியைப் பற்றி நன்றாக யோசியுங்கள். நெற்றியை மழித்துக் குடுமி வைத்தால் வேடம் உறுதியாகும். ஆனால் மீண்டும் பெண்ணாகத் தோன்றப் பல மாதங்கள் பிடிக்கும். இரவில் சேலை கட்டிப் பகலில் வேட்டி கட்டும் இரட்டை வாழ்க்கை இதனால் சாத்தியமில்லாமல் போகிறது, அது கதைக்கு நல்லதே. இன்னொரு வழியும் உண்டு. கணவனை இழந்து மொட்டையடிக்கப்பட்ட இளம் பெண்ணை நாயகியாக்கினால், ஊர் அவள்மேல் சுமத்திய கொடுமையே அவளுக்கு வேடமாகிறது. வளரும் முடியில் முன்பக்கத்தை மழித்துப் பின்பக்கத்தை விட்டால் குடுமி. கைம்பெண் மறுமணச் சட்டம் 1856லேயே வந்திருந்தும் ஊரில் அதனால் எதுவும் மாறவில்லை என்ற உண்மையும் அந்த மொட்டைத் தலையிலேயே பதிந்திருக்கும். அதைத் தனியே விளக்க ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை.

காது குத்தியிருப்பது தடையில்லை, ஆண்களும் கடுக்கன் போட்டார்கள். பாம்படம் அணிந்து நீண்ட காது மட்டும் காட்டிக்கொடுக்கும். மூக்குத்தித் துளை, மெட்டி அழுத்திய தழும்பு, வளையல் கிடந்த இடத்து நிற வேறுபாடு, முன்கையில் குத்திய பச்சை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சமாளிக்க முடியாத ஒன்றை வேண்டுமென்றே விட்டுவையுங்கள், பின்னால் பயன்படும்.

வயதும் கணக்கில் வர வேண்டும். பதினேழு வயதுப் பையனுக்குத் தாடி வராததை எவரும் கேட்கமாட்டார்கள். இருபதிலும் வராவிட்டால் கேட்பார்கள். எனவே கதையின் கால அளவை ஓராண்டுக்குள் அடக்குவது நல்லது. நடை, குரல், தலைப்பாகை கட்டும் பழக்கம் ஆகியவை எங்கிருந்து வந்தன என்பதற்கும் விடை வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பகோணம் பாலாமணி அம்மாளின் நாடகக் குழுவில் ஆண் பாத்திரங்களையும் பெண்களே ஏற்று நடித்தார்கள். நம் நாயகி அத்தகைய ஒரு குழுவில் சிறுவயதில் பயின்றவள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வரியில் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கதை எழுதுவோர் கடலை மறக்க வேண்டாம். துறைமுகம் கட்டப்படுமுன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் அலைகளைக் கடந்து கரையேற வேண்டும். நனையாமல் இறங்குவது அரிது. நனைந்த துணி எதையும் மறைக்காது.

5. அன்றாடத்தை ஒழுங்குபடுத்துங்கள்

குளியல், கழிவிடம், மாதவிலக்கு, காய்ச்சல் ஆகிய நான்கையும் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் நாவலை முடிப்பவர்கள் பலர். நாகரிகம் கருதி விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். வாசகர், அதிலும் பெண் வாசகர், முதலில் கேட்பது இவற்றைத்தான். விரிவாக எழுத வேண்டியதில்லை. விடிவதற்கு இரண்டு நாழிகைக்கு முன்பே அவள் குளித்துவிடுகிறாள், ‘ஆசாரமான பையன்’ என்று வீட்டுப் பாட்டி மெச்சுகிறாள் என்று ஒரு வரி எழுதினால் போதும். மறைவுக்கான ஏற்பாடே பாராட்டாக மாறுவது இந்த வகைக் கதையின் இனிமைகளில் ஒன்று.

மாதவிலக்கு நாட்களில் வீட்டுப் பெண்கள் விலகி உட்காரும் வழக்கமுள்ள குடும்பத்தில், அவள் மட்டும் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு நடமாட வேண்டும். அவள் அந்த ஆசாரத்தை நம்புகிறவளாக இருந்தால், பூசை அறைப் பக்கம் போகச் சொல்லும்போது அவள் மனத்தில் என்ன நடக்கிறது? வேடம் கலையுமோ என்ற அச்சத்தைவிட ஆழமான அச்சம் அது. அவளைப் பிராமணக் குமாஸ்தாவாக வைத்தால் ஆவணி அவிட்டம் தவிர்க்க முடியாத நாள். எல்லா ஆண்களும் சேர்ந்து நீராடிப் பூணூல் மாற்றும் அந்த நாளில் அவள் எங்கே போவாள் என்பதை ஆனியிலேயே முடிவு செய்துவிடுங்கள். கோட்டும் கிராப்பும் அணிந்த தமிழ்க் கிறிஸ்தவக் குமாஸ்தாவாக வைத்தால் இந்தச் சிக்கல்களில் பாதி மறையும். எளிதானதைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எதைத் தேர்ந்தாலும் அதன் முழு விலையையும் எழுதுங்கள் என்றே சொல்வேன்.

6. யாருக்குத் தெரியும் என்பதைத் தீர்மானியுங்கள்

எவருக்கும் தெரியாத வேடம் நம்பத்தகாதது. அக்காலச் சென்னையில் ஒருவரின் உடல் இரகசியத்தை வீட்டாருக்கு முன்பே அறியக்கூடியவர்கள் இருவர்: நாவிதரும் வண்ணாரும். நாவிதர் வந்து உட்காரும் நாளில் முகச்சவரத்துக்கு உட்காராதவன் எவன் என்று அவருக்குத் தெரியும். வெளுக்கப் போடும் துணியில் எது வருகிறது, எது வருவதில்லை என்று வண்ணார் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். தன் துணியைத் தானே துவைத்துக்கொள்ளும் குமாஸ்தாவை அவர்கள்தாம் முதலில் சந்தேகிப்பார்கள். கதைகளில் இவர்களைக் காணோம். நாயகன், வில்லன், தோழி என்ற மூவரோடு உலகம் முடிந்துவிடுகிறது. வண்ணார் வீட்டுப் பெண் உண்மையை அறிந்தும் சொல்லாமல் இருந்தால், அவள் ஏன் சொல்லவில்லை, அந்த மௌனத்துக்கு அவள் என்ன கேட்பாள் என்பதே ஒரு கிளைக்கதை.

தமிழ்ச் சமூகத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து, கல்யாணப் பேச்சு. நல்ல கையெழுத்தும் அடக்கமும் உள்ள, மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளையை மயிலாப்பூர் மாடவீதியில் எவரும் சும்மா விடமாட்டார்கள். ஜாதகம் கேட்பார்கள், ஊர், கோத்திரம், தகப்பனார் பெயர் எல்லாம் கேட்பார்கள். முன்பின் தெரியாத பெயரைவிட, இறந்துபோன அண்ணனின் பெயரை அவள் எடுத்துக்கொள்வது இதனால்தான் மேலானது. கேள்விகளுக்கு உண்மையான விடைகள் தயாராக இருக்கும். இந்தக் கல்யாணப் பேச்சை நகைச்சுவையாக மட்டும் எழுதிவிட வேண்டாம். அந்தப் பேச்சில் இழுக்கப்பட்டு, பின்னர் ஊர்ப் பேச்சுக்கு ஆளாகும் பெண் ஒருத்தி இருப்பாள். அவளுக்கு நாயகி என்ன ஈடு செய்கிறாள் என்று எழுதாத நாவல்கள் எனக்கு ஒப்புவதில்லை.

7. நாயகனை இப்போது கொண்டுவாருங்கள்

ஆறு படிகளுக்குப் பிறகு நாயகனா என்று கேட்கலாம். முன்பே வந்தால் அவர் அழகும் குதிரையும் மட்டுமாக நின்றுவிடுகிறார் என்பதே காரணம். வேலையும் வீடும் உறுதியான பின்பு, அந்த வேலையில் அவளுக்கு நாள்தோறும் எதிர்ப்படும் ஆளாகவே அவர் உருவாக வேண்டும். நம் கதையில் அவர் அந்த வக்கீலின் இளைய கூட்டாளி. பொய்ப் பத்திரத்தைப் பற்றி அறியாதவர்.

அடுத்து தீர்மானிக்க வேண்டியது, அவருக்கு எப்போது தெரியும் என்பது. முதல் பக்கத்திலிருந்தே வாசகருக்குத் தெரிந்திருக்க, நாயகனுக்குக் கடைசிவரை தெரியாமல் இருப்பது ஒரு முறை. ஆனால் ஓராண்டு பக்கத்தில் இருந்தும் அறியாத நாயகன் மந்தமானவராகத் தெரிவார். பாதியில் அறிந்துகொண்டு, அறிந்ததைச் சொல்லாமல் இருப்பது இன்னொரு முறை. எனக்கு இதுவே பிடித்தம். ஆயினும் இதில் ஒரு கண்ணி உண்டு. அறிந்தவர் அறியாதவர்போல நடித்து அவளைச் சீண்டி மகிழ்ந்தால், அது காதலன்று, எலியைப் பூனை உருட்டும் விளையாட்டு. அவர் அறிந்த கணம் முதல் அவளுக்கு வசதியாகச் சில ஏற்பாடுகள் சத்தமின்றி மாற வேண்டும்: இரவு தங்க வேண்டிய வெளியூர்ப் பயணத்துக்கு வேறொருவர் அனுப்பப்படுகிறார், அவளுடைய மேசை சன்னல் ஓரத்துக்கு நகர்கிறது. அவள் அதைக் கவனிக்கிறாளா என்பது உங்கள் விருப்பம்.

உண்மை தெரியுமுன் நாயகன் அந்தப் ‘பையன்’மேல் ஈர்ப்புக் கொள்வதை அருவருப்பாகவோ கேலியாகவோ எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவர் குழம்பலாம், அஞ்சலாம். 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தில், ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு ஒரு வக்கீலுக்குத் தெரியாமல் இராது. ஆனால் அவள் பெண் என்று தெரிந்ததும் ‘நல்லவேளை’ என்று அவர் பெருமூச்சு விடும் வரி, அதுவரை நீங்கள் கட்டிய ஈர்ப்பு முழுவதையும் பொய்யாக்கிவிடும். அவர் விரும்பியது அந்த மனிதரை. அது இருபுறமும் ஒன்றே.

இதனோடு சேர்த்து ஒரு எல்லைக்கோட்டையும் மனத்தில் கொள்ளுங்கள். பெண்ணாகப் பிறந்தும் வளர்ந்தபின் இறுதிவரை ஆணாகவே வாழ்ந்து, 1865இல் இறந்த இராணுவ மருத்துவர் ஜேம்ஸ் பாரி போன்றவர்களை ‘வேடமிட்ட நாயகி’ வரிசையில் சேர்ப்பது பொருந்தாது. பிழைப்புக்காகச் சில மாதம் வேட்டி கட்டியவளின் கதையும், தன்னை ஆணாகவே உணர்ந்து வாழ்ந்தவரின் கதையும் வேறுவேறு. நீங்கள் எழுதுவது எது என்று தொடங்குமுன் தெளிந்துகொள்ளுங்கள். நடுவழியில் மாற்றினால் இரண்டும் கெடும்.

8. அவன், அவள், அவர்: நடையை உறுதிசெய்யுங்கள்

தமிழில் வினைமுற்றே பாலைச் சொல்லிவிடும். எனவே ஒவ்வொரு வாக்கியத்திலும் நீங்கள் வேடத்தைக் காக்கிறீர்கள், அல்லது கலைக்கிறீர்கள். விதி எளியது: நாயகியின் பார்வையில் எழுதும் அத்தியாயங்களில், அவள் எந்த உடையில் இருந்தாலும், ‘அவள் வந்தாள்’. நாயகனின் பார்வையில், அவருக்குத் தெரியும்வரை, ‘அவன் வந்தான்’. ஒரே அத்தியாயத்துக்குள் இரண்டையும் கலப்பதே மிகப் பரவலான பிழை. அப்படிக் கலந்த படியை வாசிப்பவருக்கு யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதே தெரியாமல் போகிறது.

இந்த விதியைக் கடைப்பிடித்தால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. நாயகன் உண்மையை உணரும் கணத்தை விளக்கவே வேண்டாம். ‘குமாஸ்தா காகிதக் கட்டைக் கீழே வைத்தான். விளக்கைத் தூண்டிவிட்டான். நிமிர்ந்து பார்த்தாள்.’ மூன்றாவது வினையின் ஈறே அறிவித்துவிடுகிறது. இதை ஒரு நாவலில் ஒருமுறைதான் செய்ய முடியும்; எனவே இடத்தைப் பார்த்துச் செலவழியுங்கள். பதிப்பகத்துக்கு அனுப்பும்போது, இந்த இடம் அச்சுப்பிழையன்று என்று ஒரு குறிப்பையும் இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெய்ப்புத் திருத்துபவர் நல்லெண்ணத்தோடு அதை ‘பார்த்தான்’ என்று மாற்றிவிடுவார்.

வாசகரிடமிருந்தே மறைக்க விரும்பினால் இரண்டு வழிகள் உண்டு. தன்மையில் சொன்னால் ‘வந்தேன்’ எந்தப் பாலையும் காட்டாது. மரியாதைப் பன்மையில் சொன்னால் ‘வந்தார்’ என்பதும் காட்டாது. ஆனால் பதினேழு வயதுக் குமாஸ்தாவை வீட்டுப் பெரியவர்கள் ‘அவர்’ என்று சொல்லமாட்டார்கள் என்பதால் அது விரைவிலேயே செயற்கையாகும்.

உரையாடலில் அவளுடைய வழுக்கல்களைத் திட்டமிடுங்கள். வேலைக்காரப் பெண்ணைப் பார்த்து ‘ஏண்டி’ என்று தோழமையோடு வாய்தவறிச் சொல்லிவிடுவது, ஆச்சரியத்தில் கையை மோவாயில் வைப்பது, கல்லை எறியச் சொன்னால் தோளைச் சுழற்றாமல் எறிவது எல்லாம் இதில் அடங்கும். நாயகன் அவளை ‘வாடா’ என்று அழைத்துப் பழகியிருப்பார். உண்மை அறிந்த மறுநாள் அந்த ‘டா’ அவர் நாவில் வராமல் நின்றுவிடுவது, நீண்ட வசனம் எதையும்விட அதிகம் சொல்லும்.

9. வெளிப்பாட்டைக் கடைசியில் வைக்காதீர்கள்

உண்மை வெளிப்படும் காட்சியை இறுதி அத்தியாயத்தில் வைத்தால், அதன் விளைவுகளுக்கு இடமில்லாமல் கல்யாணத்தில் கொண்டுபோய் முடிக்க வேண்டியிருக்கும். நாவலின் மூன்றில் இரண்டு பங்கு முடியும் இடமே அதற்கு ஏற்றது. வெளிப்படுத்தும் கருவி அவளுடைய வேலையிலிருந்தே வர வேண்டும். கூந்தல் சரிவதும், காயத்துக்குக் கட்டுப்போடச் சட்டையைக் கிழிப்பதும் எல்லா நாவல்களிலும் நடந்து முடிந்தவை. அவள் குமாஸ்தாவாக இருப்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. நம் கதையில் அவளைக் காட்டிக்கொடுப்பது கையெழுத்து: கும்பகோணத்துப் பெண் ஒருத்தி முன்பு எழுதிய மனு வழக்கு ஆவணக் கட்டுக்குள் கிடக்கிறது, அதே கையெழுத்தில்தான் குமாஸ்தா நாள்தோறும் படி எடுக்கிறான். அவளுக்கு வேலை வாங்கித் தந்த திறமையே அவளைப் பிடித்தும் கொடுக்கிறது.

கண்டுபிடிப்பவர் நாயகன் அல்லாதவராக இருந்தால் அழுத்தம் கூடும். நாயகனுக்கு முன்பே தெரியும் என்பது அப்போது வெளிவருமானால், முதலாளியின் பார்வையில் அவரும் குற்றவாளி. இருவரும் ஒரே நேரத்தில் எதையோ இழக்கிறார்கள்.

10. அதன் பிறகு வரும் நூறு பக்கங்கள்

இங்கே எழுத வேண்டியது மன்னிப்பை. அவள் பெண் என்பதற்காக நாயகன் கோபப்பட வேண்டியதில்லை; தன் அலுவலக அலமாரியைத் துழாவியதற்காகக் கோபப்படலாம். இந்த இரண்டையும் பிரித்தெழுதாத படிகளில், அவர் எதற்காகக் குமுறுகிறார் என்பதே புரிவதில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவேண்டியது நம்பிக்கையை முறித்ததற்கே, வேட்டி கட்டியதற்கு அன்று.

அடுத்த கேள்வி, அவளுடைய வேலை என்ன ஆகிறது என்பது. ஓராண்டு சம்பளம் வாங்கி, டிராம் வண்டியில் தனியே போய்வந்து, நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியவளை, கடைசி அத்தியாயத்தில் பட்டுச் சேலை கட்டி ஊஞ்சலில் உட்கார வைத்துவிட்டால் வாசகர் உள்ளூர ஏமாறுகிறார். 1923க்கு முன் அவளால் வக்கீலாக முடியாது. பின்கதையில் இருபத்தேழு ஆண்டுகளைத் தாண்டி அவளுடைய மகளைக் கறுப்பு அங்கியில் காட்டும் உத்தியும் மலிந்துவிட்டது. நாயகன் வெளியூர் நீதிமன்றத்துக்குத் தொழிலை மாற்றிக்கொண்டு, பத்திரங்களை அவளே வரையும் ஏற்பாட்டோடு தொடங்கலாம். அவள் தன் பெயரிலேயே மனு எழுதித் தரும் ஒரு திண்ணையைப் பிடிக்கலாம். ஹன்னா ஸ்னெல் 1750இல் தன்னை வெளிப்படுத்திக்கொண்டபின் இராணுவ ஓய்வூதியமே பெற்றார். மேடையேறிச் சீருடையில் அணிவகுப்பும் செய்துகாட்டினார். வேடம் கலைந்தபின் எல்லாமே பறிபோக வேண்டும் என்று வரலாறு கட்டாயப்படுத்தவில்லை.

11. திருத்தும்போது பார்க்க வேண்டியவை

முதல் திருத்தத்தில் கதையைப் படிக்காதீர்கள். வினைமுற்றுகளை மட்டும் படியுங்கள். அத்தியாயம் அத்தியாயமாக ஈறுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பார்வைக்குரியவருக்கு அந்த நேரத்தில் தெரிந்ததோடு பொருந்துகிறதா என்று கட்டப் பட்டியலில் சரிபாருங்கள். இரண்டாம் திருத்தத்தில் அவள் உடலை மட்டும் பின்தொடருங்கள்: எங்கே குளித்தாள், எங்கே தூங்கினாள், கோட்டை எப்போது கழற்றினாள், அந்த மாதத்து மூன்று நாட்கள் எங்கே போயின.

மூன்றாவதாக, வேடத்தையே நீக்கிப் பாருங்கள். அவள் பெண்ணாகவே அந்த வீட்டில் தூரத்து உறவாகத் தங்கியிருந்தால் இந்தக் காட்சி நடந்திருக்குமா என்று ஒவ்வொரு காட்சியிலும் கேளுங்கள். நடந்திருக்கும் என்றால் அந்தக் காட்சியை வெட்டலாம், அல்லது கோட்டுக்குள் இருப்பவள் மட்டுமே பார்க்கக்கூடிய, கேட்கக்கூடிய ஒன்றை அதில் நுழைக்கலாம். ஆண்கள் தங்களுக்குள் பெண்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதை அவள் ஓராண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். நாயகன் அந்தப் பேச்சில் கலந்துகொண்டாரா, எழுந்து போனாரா, சிரித்தாரா என்பது உங்கள் படியில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், நாயகனை அவள் விரும்பத் தொடங்கும் அத்தியாயத்துக்கு முந்திய அத்தியாயத்தில் அதை எழுதிச் சேர்த்துவிட்டு, பிறகு பதிப்பகத்துக்கு அனுப்புங்கள்.